லேடெக் படத்தில் எழுத்துரு தொலைந்தால் எங்கே தேடுவது?

உங்கள் கணினியில் படம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. அதே பிடிஎஃப்பை உங்கள் நெறியாளர் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கட்டங்கட்டமாக இருக்கிறது. அச்சகத்தில் திறந்தால் எழுத்து வேறு ஏதோ எழுத்துருவுக்கு மாறி, அகலம் கூடி, அம்புக்குறியின் மேல் ஏறி நிற்கிறது. ஆய்விதழின் தளமோ எழுத்துரு உட்பொதிக்கப்படவில்லை என்று கோப்பையே திருப்பி அனுப்புகிறது. கட்டுரையையும் நூலையும் கட்டளைகளால் எழுதி அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் வரைபடம் போடத் தொடங்கும் எவருக்கும் இதில் ஏதாவது ஒன்று நேரும். தமிழில் பெயரிட்ட படமென்றால் சீக்கிரமே நேரும்.

அப்போது பலரும் எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் லேடெக்கும் அதன் பொதிகளும் அடங்கிய டெக் லைவ் தொகுப்பை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவார்கள். சில சமயம் அதிலேயே சரியாகவும் ஆகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாததால், அடுத்த படத்தில் அதே தலைவலி திரும்ப வரும். ஆகவே எதையும் மாற்றும் முன், எழுத்துரு எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று கண்டுபிடியுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, அளவு. லேடெக்கின் அடிப்படையான டெக்கை டொனால்ட் குனூத் 1978இல் உருவாக்கியபோது, எழுத்து எப்படி இருக்கும் என்பதே அதற்குத் தெரிய வேண்டியதில்லை என்று அமைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம், உயரம், கீழே இறங்கும் ஆழம் ஆகியவை மட்டும் தெரிந்தால் வரியும் பத்தியும் அமைத்துவிடலாம். அந்த எண்கள் டிஎஃப்எம் என்ற சிறு கோப்பில் இருக்கும். இரண்டாவது, வடிவம். எழுத்தின் கோட்டுருவைக் கொண்ட கோப்பைத் தேடி எடுப்பது தனி வேலை. மூன்றாவது, உட்பொதித்தல். எடுத்த வடிவத்தைப் பிடிஎஃப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது. லேடெக்கை ஓட்டும் இயந்திரங்களில் புதியவையான ஸீலேடெக்கிலும் லுவாலேடெக்கிலும் ஒரே ஓப்பன்டைப் கோப்பு அளவையும் வடிவத்தையும் சேர்த்தே தருவதால் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கெடும். பழைய பிடிஎஃப்லேடெக்கில் அவை தனித்தனி. அளவு கிடைத்து வடிவம் கிடைக்காமல் போகலாம். அப்போதும் பிழைச் செய்தி வராமலே ஓட்டம் முடியலாம்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படியே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

முதலில் பிடிஎஃப்பையே கேளுங்கள்

பாப்ளர் என்ற கருவித் தொகுப்பில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்றொரு கட்டளை உண்டு. உபுண்டு, டெபியன் இரண்டிலும் பாப்ளர்-யூட்டில்ஸ் பொதியை நிறுவினால் வந்துவிடும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகப் பாப்ளரை நிறுவலாம். கட்டளைக்குப் பின்னால் உங்கள் பிடிஎஃப்பின் பெயரைக் கொடுத்தால், அதில் உள்ள ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு வரியாக வரும். கட்டளை வரி பழக்கமில்லை என்றால், அடோபி ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள். விவரம் குறைவு, ஆனால் போதும்.

இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. முதல் நெடுவரிசையில் பெயர். அதன் முன்னே ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் இருந்தால், பயன்பட்ட எழுத்துகள் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அது நல்ல அடையாளம். அடுத்தது வகை. லுவாலேடெக்கிலோ ஸீலேடெக்கிலோ செய்த தமிழ் எழுத்து சிஐடி ட்ரூடைப் அல்லது சிஐடி டைப் 0சி என்று வரும். ஆங்கிலமும் கணிதமும் டைப் 1 என்று வரலாம். டைப் 3 என்று வந்தால் நின்று கவனிக்க வேண்டும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம்தான் முக்கியமான நெடுவரிசை, எம்ப் என்பது. அதில் "நோ" என்று ஒரு வரி இருந்தாலும் அந்த எழுத்துரு கோப்பில் இல்லை. திறக்கும் கணினி தன்னிடம் இருப்பதைப் போட்டு நிரப்பும். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருப்பதால்தான் உங்களுக்குச் சரியாகத் தெரிந்தது. கடைசிப் பக்கமாக யூனி என்று ஒன்று இருக்கும். வடிவத்திலிருந்து யூனிகோடுக்குத் திரும்பும் வழி கோப்பில் இருக்கிறதா என்பதை அது சொல்லும். அது இல்லாவிட்டால் எழுத்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் தேடவும் நகலெடுக்கவும் முடியாது.

இப்போது நிலைமையைப் பிரித்துவிடலாம். பட்டியலில் நீங்கள் கேட்ட எழுத்துருவே இல்லாமல் வேறொன்று இருந்தால், தேடலில் தொலைந்தது. சரியான பெயர் இருந்து எம்ப் "நோ" என்றால், உட்பொதித்தலில் தொலைந்தது. பெயரும் எம்ப்பும் சரியாக இருந்தும் தமிழ் உடைந்து தெரிந்தால், தொலையவில்லை. எழுத்தைக் கோக்கும் இடத்தில் சிக்கல்.

சின்னக் கோப்பில் சோதியுங்கள்

இருநூறு பக்க ஆய்வேட்டை வைத்துக்கொண்டு எழுத்துருச் சிக்கலைத் தேடாதீர்கள். ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகையில், லேடெக்குக்குள்ளேயே படம் வரைய உதவும் டிக்ஸ் பொதியில் ஒரு படம், அதில் ஒரே ஒரு பெயர்ப் பெட்டி, இவ்வளவு மட்டும் உள்ள புதிய கோப்பு போடுங்கள். அந்தப் பெட்டிக்குள் "கொடு, கௌரி, ணை, ஸ்ரீ, க்ஷ, 12.5" என்று எழுதுங்கள். ஒற்றைக் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் பிரியும் இடம், கூட்டெழுத்து, எண் எல்லாம் இதிலேயே சோதனையாகிவிடும். வெறும் "அம்மா" என்று எழுதிப் பார்த்தால் எந்த எழுத்துருவும் தேறிவிடும்.

எந்த இயந்திரத்தில் ஓட்டுவது? தமிழ் என்றால் லுவாலேடெக் அல்லது ஸீலேடெக். பிடிஎஃப்லேடெக் 256 இடங்கள் மட்டுமே கொண்ட பழைய வகை எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்டது. அதில் யூனிகோட் தமிழை அப்படியே தட்டினால், இந்த எழுத்துக்கு ஏற்பாடு செய்யப்படவில்லை என்ற பிழைதான் வரும். சுற்றி வளைத்துச் செய்யும் வழிகள் உண்டு. புதியவர் அதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தேடல்: ஒரு பெயரை இரண்டு பேர் தேடுகிறார்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆவணத்துக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் பொதியில் எழுத்துருவை இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று, "நோட்டோ செரிஃப் தமிழ்" என்பது போலக் குடும்பப் பெயரைச் சொல்லி. இன்னொன்று, டிடிஎஃப் என்றோ ஓடிஎஃப் என்றோ முடியும் கோப்பின் பெயரைச் சொல்லி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தேடும் ஆள்தான் வேறு.

ஸீலேடெக்கிடம் குடும்பப் பெயரைக் கொடுத்தால், லினக்ஸில் அது ஃபான்ட்கான்ஃபிக் என்ற அமைப்பிடம் கேட்கும். மேக்கில் அந்த இயங்குதளத்தின் எழுத்துரு அமைப்பிடம் கேட்கும். லுவாலேடெக்கிடம் அதே பெயரைக் கொடுத்தால், லுவாஓடிஎஃப்லோட் என்ற பொதி தானே திரட்டி வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் பார்க்கும். கோப்பின் பெயரைக் கொடுத்தால் டெக்கின் சொந்தத் தேடல் நூலகமான கேபாத்சீ தேடும். அது பார்ப்பது வேலை நடக்கும் அடைவையும் டெக் லைவின் அடைவு மரங்களையும்தான். "எழுத்துரு நிறுவியிருக்கிறேன், லிப்ரே ஆஃபீஸில் தெரிகிறது, லேடெக்கில் மட்டும் தெரியவில்லை" என்ற புலம்பல்களில் பெரும்பகுதி, ஒருவரிடம் இருப்பதை இன்னொருவரிடம் கேட்டதால் வருவது.

ஆகவே கேட்ட விதத்துக்கு ஏற்றவரிடம் விசாரியுங்கள். ஃபான்ட்கான்ஃபிக்கிடம் என்னென்ன தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன என்று அறிய, எஃப்சி-லிஸ்ட் கட்டளையுடன் மொழிக்குறி டிஏ என்று கொடுங்கள். வரும் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே, இடைவெளி உட்பட, எடுத்து ஒட்டுங்கள். நினைவிலிருந்து தட்ட வேண்டாம். எழுத்துருவை இப்போதுதான் நிறுவினீர்கள் என்றால் எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பாருங்கள். லுவாலேடெக் என்றால் லுவாஓடிஎஃப்லோட்-டூல் என்ற கட்டளைக்கு அப்டேட், ஃபோர்ஸ் என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுங்கள். பட்டியலைப் புதிதாகக் கட்டும், கொஞ்ச நேரம் ஆகும், காத்திருங்கள். அதே கட்டளைக்கு ஃபைண்ட் என்ற விருப்பமும் எழுத்துருவின் பெயரும் கொடுத்தால், கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடும். கோப்பின் பெயரால் கேட்டிருந்தால் கேபிஎஸ்ஈவிச் கட்டளைக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். முழுப் பாதை வந்தால் கிடைத்தது. எதுவுமே வராவிட்டால் இல்லை.

இதில் லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. டெக் லைவோடு நூற்றுக்கணக்கான ஓப்பன்டைப் எழுத்துருக்கள் வருகின்றன. ஆனால் டெக் லைவை அதன் சொந்த நிறுவியில் நிறுவினால், அந்த அடைவு ஃபான்ட்கான்ஃபிக்குக்குத் தெரியாது. அதனால் ஸீலேடெக்கில் குடும்பப் பெயரால் கேட்டால் கிடைக்காது, கோப்பின் பெயரால் கேட்டால் கிடைக்கும். டெக் லைவே அதற்கென ஓர் அமைப்புக் கோப்பைத் தயாராக வைத்திருக்கிறது. டெக்லைவ்-ஃபான்ட்கான்ஃபிக் என்பது அதன் பெயர். அதை ஃபான்ட்கான்ஃபிக்கின் அமைப்பு அடைவில் 09-டெக்லைவ் என்ற பெயரில் நகலெடுத்து வைத்து, எஃப்சி-கேஷை ஓட்டினால் தீர்ந்தது.

வின்டோஸில் வேறு மாதிரி. எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கினால் "நிறுவு" என்றும் "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்றும் இரண்டு வழிகள் வரும். முதல் வழியில் போனால் எழுத்துரு உங்கள் கணக்கின் உள்ளடைவு ஒன்றுக்குள் போய்விடும். வின்டோஸின் பொது எழுத்துரு அடைவை மட்டும் பார்க்கும் நிரல்களுக்கு அது தெரியாது. இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் பரிந்துரைப்பது இவை எதையும் நம்பாத வழியைத்தான். படங்கள் இருக்கும் திட்ட அடைவுக்குள்ளேயே எழுத்துருவுக்கு ஓர் அடைவு வைத்து, சாதாரணமும் தடிப்பும் ஆகிய இரண்டு கோப்புகளை அதில் போடுங்கள். ஃபான்ட்ஸ்பெக்கில் பாத் என்ற விருப்பத்தில் அந்த அடைவைக் காட்டி, கோப்பின் பெயராலேயே கேளுங்கள். உங்கள் கணினி, நண்பரின் கணினி, இணையத்திலேயே லேடெக்கை ஓட்டும் ஓவர்லீஃப் என்று எங்கே ஓட்டினாலும் ஒரே விளைவு வரும். மூன்று ஆண்டு கழித்துத் திறந்தாலும் வரும். அடைவின் பெயர் ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி இருக்கட்டும். பாதையின் கடைசியில் சாய்கோடு போட மறக்காதீர்கள். அந்தப் பாதை, லேடெக்கை எந்த அடைவில் இருந்து ஓட்டுகிறீர்களோ அங்கிருந்து கணக்கிடப்படும். படத்தின் மூலக்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அல்ல. படங்களை உள்ளடைவில் வைத்து, அங்கே தனியாக ஓட்டும்போது ஓடி, ஆய்வேட்டோடு சேர்த்து ஓட்டும்போது எழுத்துரு இல்லை என்று வந்தால் காரணம் இதுதான்.

கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் கவனியுங்கள். வின்டோஸிலும் மேக்கிலும் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படும். லினக்ஸில் வேறு வேறு. டெக் லைவ் 2018 முதல் கேபாத்சீ இதைப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், கோப்பில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் நல்லது.

உரிமத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோட்டோ, லோஹித் போன்றவை கட்டற்ற எழுத்துருக்கள், திட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். லதா, விஜயா, நிர்மலா யூஐ ஆகியவை மைக்ரோசாஃப்ட்டுடையவை, வின்டோஸோடு வருபவை. அவற்றின் கோப்பை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது சரியல்ல. அந்தக் காரணத்துக்காகவே படங்களுக்கு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கூகுள் ஃபான்ட்ஸில் இருந்து இறக்கும்போது ஒரு கண்ணி. ஜிப்பைப் பிரித்தவுடன் முதலில் தெரிவது பெயரில் வேரியபிள்ஃபான்ட் என்று உள்ள ஒரே ஒரு பெரிய கோப்பாக இருக்கும். அது எல்லாத் தடிமனையும் ஒன்றாக அடக்கிய மாறும் எழுத்துரு. டெக் இயந்திரங்கள் இதைக் கையாளுவதில் தடுமாறும். தடிப்பு கேட்டாலும் சாதாரணமே வரலாம்.  பக்கத்திலேயே ஸ்டேட்டிக் என்றோர் அடைவு இருக்கும். அதற்குள் ரெகுலர், போல்ட் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். அவற்றை எடுங்கள்.

எழுத்துரு கிடைத்தும் தமிழ் உடைந்தால்

இங்கே தெரியும் குறியைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெற்றுக் கட்டம் தெரிந்தால், அந்த எழுத்து அந்த எழுத்துருவில் இல்லை. புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால், கொம்பு இருக்கிறது, அது ஏறி அமர மெய் கிடைக்கவில்லை. மூலத்தில் எழுத்துகளின் வரிசை தவறியிருக்கும், அல்லது நடுவில் ஏதோ கட்டளை புகுந்து மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்திருக்கும். கட்டமும் வட்டமும் இல்லாமல், ஒற்றைக் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துக்கோப்பு நடக்கவே இல்லை என்று பொருள்.

மூன்றாவதற்கு மருந்து எளிது. ஃபான்ட்ஸ்பெக்கில் ஸ்கிரிப்ட் என்ற விருப்பத்துக்குத் தமிழ் என்ற மதிப்பைக் கொடுங்கள். லுவாலேடெக் என்றால் கூடவே ரெண்டரர் என்ற விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று கொடுங்கள். ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகளும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இந்திய மொழிகளைக் கோக்கப் பயன்படுத்தும் அதே நூலகம் அது. டெக் லைவ் 2020 முதல் லுவாலேடெக்கின் உள்ளேயே இருக்கிறது. ஸீலேடெக்கில் ஹார்ஃப்பஸ் இயல்பாகவே ஓடுவதால் ஸ்கிரிப்ட் விருப்பம் மட்டும் போதும்.

கட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். சில தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் இருக்காது. "வெப்பநிலை" சரியாக வந்து, அதற்குப் பக்கத்தில் செல்சியஸைக் குறிக்கும் ஆங்கில எழுத்து மட்டும் காணாமல் போகும். இதற்கு டெக் பிழை காட்டி நிற்காமல், ஓட்டத்தின் குறிப்புகளைச் சேமிக்கும் லாக் கோப்பில் "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அதை யாரும் படிப்பதில்லை. ட்ரேஸிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அளவுருவுக்கு 3 என்று கொடுத்துவிடுங்கள். டெக் லைவ் 2021 முதல், எழுத்து விடுபட்டால் அதைப் பிழையாகவே அறிவித்து ஓட்டத்தை நிறுத்தும். படம் போடுகிற எவரும் இந்த வரியை முகப்பில், அதாவது உரை தொடங்கும் முன் உள்ள பகுதியில், நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். தீர்வு, தமிழுக்கு ஃபான்ட்ஸ்பெக்கின் நியூஃபான்ட்ஃபேமிலி கட்டளை வழியாகத் தனிக் குடும்பம் அமைத்து, ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் வேறு எழுத்துரு வைப்பது. தரவு வரைபடம் போடும் பொதியான பிஜிஎஃப்பிளாட்ஸில் அச்சின் எண்கள் கணித எழுத்துருவில் இருந்துதான் வரும். அதனால் உங்கள் தமிழ் எழுத்துருவை மாற்றினாலும் எண்கள் மாறவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

சாய்வெழுத்து கேட்காதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு கிடையாது.

மாற்றியும் மாறவில்லை என்றால்

எல்லாவற்றையும் திருத்திவிட்டீர்கள், படம் மட்டும் பழையபடியே வருகிறது. டிக்ஸின் எக்ஸ்டர்னலைஸ் வசதியைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் தனிப் பிடிஎஃப்பாகச் சேமித்து வைத்து, அடுத்த ஓட்டத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவது அது. படத்தின் வரிகள் மாறினால்தான் மறுபடி வரையும். முகப்பில் எழுத்துருவை மாற்றியது அதற்குத் தெரியாது. சேமித்து வைத்த பிடிஎஃப்களை அழித்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது ஃபோர்ஸ் ரீமேக் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். பைதான் மொழியில் வரைபடம் போடும் நூலகமான மேட்பிளாட்லிப்பும் எழுத்துருப் பட்டியலைத் தன் கேஷ் அடைவில் சேமித்து வைக்கிறது. புதிய எழுத்துரு அதற்குத் தெரியவில்லை என்றால் அந்த அடைவைக் காலி செய்யுங்கள்.

உட்பொதித்தல்: வெளியிலிருந்து வரும் படங்கள்

லுவாலேடெக், ஸீலேடெக், பிடிஎஃப்லேடெக் மூன்றும் தாங்களே வரைந்த எழுத்தை இயல்பாகவே உட்பொதிக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்துருக் கோப்புக்குள்ளேயே உட்பொதிக்கக் கூடாது என்று ஒரு குறி இருக்கலாம். அதை மதிக்கும் நிரல் உட்பொதிக்காமல் விட்டுவிடலாம். அந்த எழுத்துருவோடு மல்லுக்கட்டாமல் வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.

அதனால் எம்ப் "நோ" என்று வந்தால், குற்றவாளி பெரும்பாலும் இன்க்ளூட்கிராஃபிக்ஸ் வழியாக நீங்கள் உள்ளே கொண்டுவந்த படம்தான். உள்ளே வரும் பிடிஎஃப்பில் இல்லாத எழுத்துருவை லேடெக் தேடி நிரப்பாது. ஒவ்வொரு படக் கோப்பின் மீதும் தனித்தனியாகப் பிடிஎஃப்ஃபான்ட்ஸை ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தை உருவாக்கிய நிரலிலேயே திருத்துவதுதான் சரியான வழி.

புள்ளியியலுக்கான ஆர் மொழியில் பிடிஎஃப் என்ற சாதாரணக் கருவி ஹெல்வெட்டிகாவை உட்பொதிப்பதில்லை. பிடிஎஃப் தரத்தின் தொடக்கக் காலத்தில் டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் குடும்பங்களும் இரண்டு குறியீட்டு எழுத்துருக்களுமாக 14 எழுத்துருக்கள் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கத்தின் மிச்சம் இது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அதே கருவி எழுத்துக்குப் பதில் புள்ளிகளை வைத்து எச்சரிக்கும். கெய்ரோ_பிடிஎஃப் என்ற கருவிக்கு மாறினால் எழுத்துரு உட்பொதிக்கப்படும். லினக்ஸில் தமிழும் ஒழுங்காகக் கோக்கப்படும்.

மேட்பிளாட்லிப் உட்பொதிக்கும், ஆனால் இயல்பு நிலையில் டைப் 3 வகையாக. பிடிஎஃப்.ஃபான்ட்டைப் என்ற அமைப்பை 42 ஆக்கிவிட்டால் ட்ரூடைப்பாக வைக்கும். தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் அதன் பிஜிஎஃப் வழியைப் பயன்படுத்துங்கள். எழுத்துகளை லேடெக்கிடமே கொடுத்துக் கோக்கச் செய்யும் வழி அது. டெக்சிஸ்டம் என்பதற்கு லுவாலேடெக் என்று கொடுத்து, ஆர்சிஃபான்ட்ஸ் என்பதை அணைத்து, முகப்பில் உங்கள் ஃபான்ட்ஸ்பெக் வரிகளைப் போடுங்கள். ஆர்சிஃபான்ட்ஸை அணைக்காவிட்டால் மேட்பிளாட்லிப் தன் எழுத்துருவை உங்களுடையதற்கு மேல் திணித்துவிடும்.

படம் வரையும் மொழியான அசிம்ப்டோட்டில் டெக் இயந்திரத்தை லுவாலேடெக் அல்லது ஸீலேடெக் என்று மாற்றி, ஃபான்ட்ஸ்பெக்கை அழைத்துக்கொள்ளுங்கள். அதே போன்ற மெட்டாபோஸ்டில் புரோலாக்ஸ் என்ற மாறிக்கு 3 கொடுங்கள். அது 0 ஆக இருந்தால் படம் தனியாக நிற்காது. லேடெக்குக்குள் சரியாகத் தெரிந்து, தனியே திறந்தால் எழுத்து மாறியிருக்கும். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது, எழுத்தை மட்டும் விட்டுவிட்டு லேடெக்குக்குத் தனிக் கோப்பு தரும் வழி உண்டு. படத்தின் எழுத்தும் கட்டுரையின் எழுத்தும் ஒரே எழுத்துருவில் வர எனக்குப் பிடித்த வழி அதுதான்.

படத்தை உருவாக்கிய நிரல் கையில் இல்லையென்றால், பிடிஎஃப்பைப் படித்து மறுபடி எழுதித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலை நாடுங்கள். பிடிஎஃப்ரைட் என்ற கருவியைக் கொடுத்து, எம்பெட்ஆல்ஃபான்ட்ஸ் என்பதை உண்மை ஆக்கி, பிடிஎஃப்செட்டிங்ஸ் என்பதை ப்ரீபிரெஸ் என்று வைத்து ஓட்டினால், விடுபட்டவற்றை உட்பொதித்துப் புதிய கோப்பு தரும். ஆனால் தன்னிடம் இருப்பதைத்தான் அதனால் வைக்க முடியும். ஹெல்வெட்டிகாவுக்கு அதனிடம் ஒத்த வடிவம் இருக்கிறது. உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது. இல்லாததற்குப் பதில் எதையோ வைத்துவிட்டு "யெஸ்" என்று காட்டும். ஆகவே ஓட்டியபின் பட்டியலோடு படத்தையும் கண்ணால் பாருங்கள்.

டைப் 3 எங்கிருந்து வருகிறது

மேட்பிளாட்லிப் இல்லாமலும் டைப் 3 வரலாம். பிடிஎஃப்லேடெக்கில் ஆங்கிலக் கட்டுரைக்கு டி1 குறியாக்கத்தைக் கேட்டுவிட்டு, அதற்குரிய வடிவக் கோப்புகள் உள்ள சிஎம்-சூப்பர் பொதி நிறுவப்படாமல் இருந்தால், டெக் எம்கேடெக்பிகே என்ற நிரலை அழைத்து அந்த இடத்திலேயே புள்ளிப்பட எழுத்துகளைத் தயாரித்துக்கொள்ளும். காகிதத்தில் பரவாயில்லை. திரையில் பெரிதாக்கினால் விளிம்பு பிசிறும். பல ஆய்விதழ்கள் ஏற்காது. லாக் கோப்பின் கடைசியில் பயன்பட்ட எழுத்துருக் கோப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் பிஎஃப்பி என்று முடிந்தால் நல்லது. 600பிகே என்று முடிந்தால் புள்ளிப்படம். சிஎம்-சூப்பரை நிறுவுங்கள், அல்லது லத்தீன் மாடர்ன் எழுத்துருவுக்கு மாறுங்கள்.

பொதியை நிறுவிய பின்பும் புள்ளிப்படமே வந்தால், வடிவக் கோப்புக்கு வழிகாட்டும் மேப் பட்டியலில் அது சேரவில்லை. கேபிஎஸ்ஈவிச்சிடம் பிடிஎஃப்டெக்.மேப் எங்கே என்று கேளுங்கள். வரும் பாதை டெக் லைவின் பொது அடைவில் இல்லாமல் உங்கள் வீட்டு அடைவுக்குள் இருந்தால், முன்பு எப்போதோ யுபிடிமேப்-யூசர் கட்டளை ஓடியிருக்கிறது. அன்றிலிருந்து உங்கள் தனிப் பட்டியல்தான் பயன்படுகிறது, பொதுப் பட்டியலில் சேர்வது எதுவும் உங்களை வந்தடையாது. அந்தத் தனிப் பட்டியலை நகர்த்தி வைத்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு யுபிடிமேப்-சிஸ் ஓட்டுங்கள். பழைய வலைப்பக்கங்களில் வெறும் யுபிடிமேப் என்று இருக்கும். டெக் லைவ் 2017 முதல், இரண்டில் எது என்று சொல்லாமல் அது ஓடாது.

எழுத்தைக் கோடாக மாற்றுவது

கோஸ்ட்ஸ்கிரிப்டில் நோஅவுட்புட்ஃபான்ட்ஸ் என்ற விருப்பம் கொடுத்தால் எழுத்தெல்லாம் வெறும் கோடுகளாகிவிடும். எழுத்துருவே இல்லாததால் எங்கும் தொலையாது. அட்டைப்படத்துக்கும் பதாகைக்கும் இது போதும். ஆய்வேட்டுக்கும் பாடநூலுக்கும் செய்யாதீர்கள். அந்தத் தமிழைத் தேட முடியாது, திரைவாசிப்பானால் படிக்க முடியாது. பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அந்தப் படம் அதோடு மூடிவிடும்.

அனுப்பும் முன்

முழுக் கோப்பின் மீது பிடிஎஃப்ஃபான்ட்ஸை ஒருமுறை ஓட்டி, எம்ப் நெடுவரிசையில் "நோ" எதுவும் இல்லை என்று பாருங்கள். அப்புறம் படத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டினால், ஸீலேடெக்கில் ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற அளவுருவுக்கு 1 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மூல எழுத்தும் பிடிஎஃப்புக்குள் சேர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தீராமல் யாரிடமாவது உதவி கேட்கப் போனால், திரையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அந்தச் சின்னச் சோதனைக் கோப்பு, அதன் லாக் கோப்பு முழுவதும், பிடிஎஃப்ஃபான்ட்ஸ் தந்த பட்டியல், எந்த இயந்திரம், எந்த ஆண்டின் டெக் லைவ், எந்த இயங்குதளம், இவற்றை அனுப்புங்கள்.